எங்க வீட்டுக்காரருக்குப் பேச்சு வந்த கதை

உக்காரும்மா, உக்காரு. பைய மடியில வச்சுக்கிட்டு எதுக்குக் கஷ்டப்படுற, இங்ஙன காலுக்குக் கீழ வையி. ஜன்னலோரம் வேணுமா? வேண்டாமா? நல்லதாப் போச்சு. வேணும்னு சொல்லியிருந்தாலும் குடுத்திருக்க மாட்டேன், காத்து வரலைன்னா எனக்குத் தலை சுத்தும்.

எங்க, மதுரைக்கா? இன்டர்வியூவா! அதுக்கு எதுக்கு மூஞ்சி இப்படி வெளிறிப் போயிருக்கு? நாலு பேரு எதுத்தாப்புல உக்காந்து கேள்வி கேட்டா நாக்கு மேல ஒட்டிக்கிடுமா? அட, இவ்வளவுதானா. நல்ல ஆளு பக்கத்துலதான் வந்து உக்காந்திருக்க. இந்தக் கூச்சம் இருக்கு பாரு கூச்சம், அத எப்படி விரட்டுறதுன்னு சொல்லிக் குடுக்க கோவில்பட்டியில என்னைய விட்டா வேற ஆளு கிடையாது. நான் சும்மா சொல்லலை. அத்தாட்சியோட சொல்றேன்.

அந்தா முன்னால பாரு. டிரைவருக்குப் பின் சீட்டு. கட்டம் போட்ட சட்டை. கைய ஆட்டி ஆட்டிப் பக்கத்துல இருக்கவர்கிட்ட பேசிட்டு வர்றாகளே, அவுகதான் எங்க வீட்டுக்காரரு. பூமிநாதன்னு பேரு. பஸ் ஏறுற வரைக்கும் அந்தப் பெரிய மனுஷன் யாருன்னே இவுகளுக்குத் தெரியாது. இப்பப் பாரு, அந்தாளு பையிலருந்து எக்ஸ்ரேய எடுத்து வெளிச்சத்துல காட்டிட்டு வர்றாரு. முட்டி எலும்பு போல. இவுகளுக்கு முட்டியப் பத்தி என்ன தெரியும்? ஒண்ணும் தெரியாது. ஆனா பேசுறாக பாத்தியா.

இந்த மனுஷன் ஒரு காலத்துல எப்படி இருந்தாகன்னு நெனைக்கிற? வாயில கொழுக்கட்டைய வச்ச மாதிரி இருப்பாக. கல்யாண வீட்டுப் பந்தியில இவுக இலைக்கு மட்டும் சாம்பார் வாளி வராமப் போயிருச்சு. கேக்க வேண்டியதுதான? வெறுஞ்சோத்தைப் பிசைஞ்சு தின்னுட்டு எந்திரிச்சு வந்துட்டாக. முடி வெட்டப் போன எடத்துல அந்தாளு ஏதோ ஞாபகத்துல மீசைய எடுக்க ஆரம்பிச்சிருக்கான். 'வேண்டாம்ப்பா'ன்னு ஒரு வார்த்தை. ம்ஹூம். பாதி மீசை போனப்புறமாவது சொல்லலாம்ல? முழுசையும் குடுத்துட்டு வந்து நின்னாக. வாசல்ல நான், 'யாருங்க நீங்க, என்ன வேணும்'னு கேட்டுட்டேன். அதுக்கும் பதில் சொல்லலை!

பஸ்ஸுல ஏறுனா எறங்குற எடத்தச் சொல்ல மாட்டாக. வேற யாராவது அங்க எறங்குனா கூடவே எறங்குவாக. யாரும் எறங்கலைன்னா பஸ் எங்க நிக்குதோ அங்க போயி எறங்கி, திரும்பி நடந்து வருவாக.

நாங்க கடை வச்சிருக்கோம்மா. மிக்சி, ஃபேன், கிரைண்டர், அயன்பாக்ஸ் எல்லாம் ரிப்பேர் பாக்குற கடை. அவுக உள்ள உக்காந்து கழட்டி மாட்டுவாக. முன்னால உக்காந்து வர்ற ஆளுககிட்டப் பேசுறது பூராம் நான்தான். கடைக்குப் பேரு பூமி எலெக்ட்ரிகல்ஸ்னு போர்டுல இருக்கு. ஆனா ஊருக்குள்ள கேட்டுப் பாரு, செம்பகத்தக்கா கடைம்பாங்க. செண்பகவல்லின்னு முழுப் பேரு எனக்கு. அவுகளுக்கும் சேத்து நானே பேசிருவேன். 'உங்க பேரு என்ன'ன்னு யாராவது அவுகளக் கேட்டா நான் சொல்லுவேன். 'சாப்பிட்டீங்களா'ன்னு கேட்டா, என்ன சாப்பிட்டாக, அது செமிச்சிருச்சா இல்லையாங்கிறது வரைக்கும் சொல்லிருவேன். பாவம்ல, பேச வராத மனுஷன்.

அதுக்காக அப்படியே விட்டுட்டேன்னு நெனைக்காத. டிரெயினிங் குடுத்தேன். தெனமும் காலையில கண்ணாடி முன்னால நிக்க வச்சு, 'வணக்கம், என் பெயர் பூமிநாதன்'னு சொல்லுங்கம்பேன். 'வணக்'னு ஆரம்பிப்பாக. 'அப்படி இல்லங்க, நெஞ்ச நிமித்தி, சத்தமா, இந்தா இப்படி'ன்னு நான் சொல்லிக் காட்டுவேன். அவுக கேட்டுக்கிடுவாக. மறுபடி 'வணக்'னு ஆரம்பிப்பாக. மறுபடி நான் சொல்லிக் காட்டுவேன். இப்படியே வருஷக்கணக்கா. அந்தக் கண்ணாடி முன்னால அவுக பேரச் சொல்லிச் சொல்லி எனக்கே நான்தான் பூமிநாதனோன்னு வந்துருச்சு.

ஒருக்கா தெரு அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுல கலைநிகழ்ச்சிக்கு முன்னாடி வரவேற்புரை. நான்தான் கமிட்டியில பேசி அவுக பேரப் போட வச்சேன். கூட்டத்துல தள்ளி விட்டாத்தான கூச்சம் போகும்? மேடையில ஏத்தி விட்டுட்டேன். மைக்க வாங்குனாக. தெருவே பாக்குது. மைக்கத் திருப்பிப் பாத்தாக. வயரப் பாத்தாக. லேசாத் தட்டிப் பாத்தாக. அப்புறம், 'மைக் நல்லாத்தான் இருக்கு'ன்னு சொல்லிட்டுக் கீழ எறங்கி வந்துட்டாக! ரிப்பேர் பாக்கத்தான் கூப்பிட்டாங்கன்னு நெனச்சிட்டு ஜனமெல்லாம் கை தட்டுது. நான்தான் ஓடிப்போயி மேடையேறி வரவேற்புரைய முடிச்சு வச்சேன். அதோட விடலை, நன்றியுரையும் நானே.

கேக்குறியா? தூக்கம் வந்தா சொல்லு. வரலைல? சரி.

அப்படி இருக்கையில எனக்குத் தொண்டை கட்டுச்சு. சாதாரணமாக் கட்டுறதுதான், மிளகு ரசம் வச்சுக் குடிச்சேன், பனங்கற்கண்டு போட்டுப் பால் குடிச்சேன், கேக்கலை. குரல் தகரத்தைத் தரையில இழுத்த மாதிரி ஆயிருச்சு. திருநெல்வேலிக்குத் தொண்டை டாக்டர்கிட்டப் போனோம். அவரு குழாய விட்டுப் பாத்துட்டு, 'நீங்க டீச்சரா?'ன்னாரு. இல்லைங்கன்னேன். 'ஏலம் ஏதும் விடுறீங்களா?'ன்னாரு. 'இல்லங்க டாக்டர், எங்க வீட்டுக்காரருக்குப் பேச வராது, அதனால ரெண்டு பேரு பேச்சையும் நானே பேசுறேன்'னேன். டாக்டர் அவுகளப் பாத்தாரு. அவுக மேல சுத்துற ஃபேனப் பாத்தாக.

குரல் வர்ற எடத்துல முடிச்சு மாதிரி விழுந்திருக்காம். ஒரு மாசத்துக்கு வாயத் தொறக்கக் கூடாது. குசுகுசுன்னும் பேசக் கூடாது, அது இன்னும் கெடுதலாம். மீறிப் பேசுனா குரல் ஒரேயடியாப் போனாலும் போயிரும்னு சொல்லிட்டாரு.

வர்ற வழியில அவுக மூஞ்சியப் பாக்கேன், அவ்வளவு வாட்டமா இருக்கு. எனக்காக வருத்தப்படுறாகன்னு நெனச்சு எனக்குக் கண்ணு கலங்கிருச்சு. அப்புறம் பாத்தா, நம்ம ஸ்டாப்புல எறங்கணும்னு கண்டக்டர்கிட்ட யாரு சொல்றதுன்னு யோசிச்சிட்டு வந்திருக்காக. நான் முழங்கையால இடிக்கேன். அவுக எச்சில முழுங்குறாக. இடிக்கேன். முழுங்குறாக. ஸ்டாப் போயிருச்சு. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போயி எறங்கித் திரும்பி நடந்தே வந்தோம். திட்டக்கூட முடியலை எனக்கு. அந்த வலி ஒனக்குப் புரியாதும்மா.

மறுநாள் கடை. நான் உள்ள உக்காந்துட்டேன், அவுக முன்னால. மொத ஆளா ஒரு டீச்சரம்மா வந்தாங்க. 'அக்கா இல்லையா?'ன்னு கேட்டாங்க. என்ன செஞ்சாக தெரியுமா? தொண்டையத் தொட்டுக் காட்டி, கைய விரிச்சாக. எனக்குத் தொண்டை சரியில்லைன்னு சொல்றாகளாம். டீச்சரம்மா, 'அய்யய்யோ, உங்களுக்குத் தொண்டை போயிருச்சா?'ன்னு கேட்டாங்க. இவுக ஆமான்னு தலைய ஆட்டிட்டாக! அம்புட்டுத்தான். புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேருக்கும் குரல் போயிருச்சுன்னு தெரு பூராம் பேச்சாயிருச்சு. ஒருத்தர் வேப்பிலை கொண்டாந்து குடுத்துட்டுப் போறாரு. இவுக அதையும் கும்பிட்டு வாங்கிக்கிடுறாக.

ஆனா அது ரொம்ப நாள் ஓடலை. அதே டீச்சரம்மா ஒரு பழைய அயன்பாக்ஸோட வந்தாங்க. தொட்டா சுள்ளுங்குதுன்னு சொல்லிக்கிட்டே, இருங்க காட்டுறேன்னு, கடை பிளக்குலயே சொருகிட்டாங்க. கால்ல செருப்பு இல்ல, வாசல்ல கழட்டிப் போட்டுட்டு வந்திருக்காங்க. தரை வேற அப்பத்தான் கழுவி விட்டது. கைய நீட்டுறாங்க. எனக்கு உயிரே போயிருச்சு, வாயத் தொறக்கவும் முடியலை. அப்பக் கேட்டேன் பாரு ஒரு சத்தம்.

'தொடாதீங்க!'

கடை அதிருது. எதுத்த டீக்கடையில டீ ஆத்திட்டு இருந்த ஆளு அப்படியே கைய மேல தூக்குனபடி நிக்கான். டீச்சரம்மா கைய வெடுக்குனு இழுத்துக்கிட்டாங்க. யாரு கத்துனதுன்னு நான் சுத்திமுத்திப் பாக்கேன். கட்டி வந்த நாள்லருந்து அவுக சத்தம் போட்டு நான் கேட்டதே இல்ல. இவ்வளவு கனத்த குரலா இந்த மனுஷனுக்குள்ள இருந்துச்சுன்னு இருக்கு எனக்கு. கோயில் மணி மாதிரி.

டீச்சரம்மா மூச்சு வாங்கிட்டு, 'உங்களுக்குப் பேச வருமா?'ன்னாங்க.

'வரும்ங்க'ன்னாக.

அப்புறம் ஏன் தொடக் கூடாதுன்னு சொல்லணும்ல? சொன்னாக. உள்ள வயரு உரிஞ்சு இரும்போட ஒட்டியிருக்கு, ஈரத் தரையில வெறுங்காலோட தொட்டா ஆளையே தூக்கிரும்னு பொறுமையா, கழட்டிக் காட்டிச் சொன்னாக. அந்தம்மா தன் வீட்டு கிரைண்டரப் பத்திக் கேட்டாங்க. அதுக்கும் சொன்னாக. பாத்தியா? வருஷக்கணக்கா நான் கண்ணாடி முன்னால குடுத்த டிரெயினிங் பூராம் உள்ள தங்கியிருக்கு! ஒரு நாள் குபுக்குனு வெளிய வந்துருச்சு.

அதுலருந்து கொஞ்சம் கொஞ்சமாப் பேச ஆரம்பிச்சாக. ஆனா என் மாதிரி இல்ல. வர்ற ஆளு என்ன சொல்லுதோ அதக் கேக்குறது, அது முடிச்சப்புறமும் இன்னும் ஏதாவது சொல்லுமோன்னு கொஞ்ச நேரம் பாக்குறது, அப்புறம் ஒரு வார்த்தை. எனக்கு உள்ள உக்காந்து இருப்புக் கொள்ளாது. அந்த இடைவெளியில நான் நாலு சேதி சொல்லியிருப்பேன். டீச்சரம்மா ஒரு நாள் சிரிச்சுக்கிட்டே, 'அக்கா இருந்தா மிக்சிக்கு என்ன சீக்குன்னு நாங்க சொல்றதுக்கு முன்னாடி அக்காவே ஒரு சீக்கச் சொல்லிருவாங்க, நாங்களும் சரின்னுட்டுப் போயிருவோம்'னு சொன்னாங்க. வெளையாட்டுக்குத்தான். எங்கிட்ட அந்தம்மாவுக்கு ரொம்பப் பிரியம்.

இப்பத்தான் முக்கியமான எடம் வருது, கேளு.

எங்களுக்கு ஒரே மக. சிவரஞ்சனி. விருதுநகர்ல ஒரு ஆஸ்பத்திரி லேப்ல வேலை. ரத்தம் எடுத்து டெஸ்ட் பண்ணுவா. அவளும் அப்பா மாதிரித்தான், பேச்சு கிடையாது. ஒரு வீட்டுல ரெண்டு பேரு இப்படி இருந்தா என் நெலமைய யோசிச்சுப் பாரு. அவளுக்குச் சாத்தூர்லருந்து ஒரு எடம். பையன் பேரு மாரீஸ்வரன், சொந்தமா சேவுக் கடை, நல்ல குடும்பம். பொண்ணு பாக்க வர்றதுக்கு நாள் குறிச்சது நான்தான், தொண்டை போறதுக்கு முன்னாடியே. மாத்தி வச்சா சகுனத்தடைன்னு சொல்லிருவாங்க. சரி, வரட்டும், கை சாடையிலயே சமாளிச்சிருவோம்னு நெனச்சேன்.

வந்தாங்க. பையன், அவங்கம்மா, தாய்மாமன். பையன் உக்காந்ததுலருந்து எங்க வீட்டுத் தரையத்தான் பாக்கான். பூராப் பேச்சும் அந்தத் தாய்மாமன்தான். நல்லாப் பேசுனாரு. எனக்கு ரொம்பப் பிடிச்சுப் போச்சு. வாய் மட்டும் இருந்திருந்தா நானும் அவரும் சாயங்காலம் வரைக்கும் பேசியிருப்போம். ரஞ்சனி காப்பித் தட்டோட வந்து நின்னா. அப்ப அந்த மாமா சொல்றாரு: 'எல்லாம் திருப்தி. ஒண்ணே ஒண்ணு. எங்க வீட்டுல பொம்பளைங்க வேலைக்குப் போற பழக்கம் கிடையாது. கல்யாணத்தோட பொண்ணு வேலைய விட்டுரணும்.'

நான் என்ன நெனச்சேன்னா, இப்போதைக்குச் சரின்னு சொல்லி வைப்போம், கல்யாணம் முடியட்டும், நான் போயி நாலு நாள் தங்கிப் பேசுனா எல்லாம் வழிக்கு வந்துரும். தலைய ஆட்ட ஆரம்பிச்சுட்டேன். பாதி ஆட்டுறேன், பக்கத்துலருந்து சத்தம் வருது.

'ரஞ்சனி, ஒனக்கு வேலைய விட இஷ்டமாம்மா?'

எங்க வீட்டுக்காரரு! மாப்பிள்ளை வீட்டுக்காரங்க முன்னால! ரஞ்சனி நிமிந்து அவங்கப்பாவப் பாத்தா. அவுக அவசரப்படுத்தவே இல்ல. அப்படியே பாத்துட்டு இருக்காக. எவ்வளவு நேரம்னு தெரியலை, எனக்கு ஒரு யுகம் மாதிரி இருந்துச்சு.

'இல்லப்பா'ன்னா.

அவுக தாய்மாமன் பக்கம் திரும்பி, 'அப்ப அது சரியா வராதுங்க'ன்னாக. காப்பிக்குச் சர்க்கரை போதுமான்னு கேக்குற மாதிரி சொன்னாக, ஒரு கோவம் இல்ல, ஒண்ணும் இல்ல.

நான் சும்மா இருப்பேனா? இல்லங்க, அப்படியெல்லாம் இல்லங்க, அவருக்கு வெவரம் தெரியாது, உக்காருங்க, நான் சொல்றேன்னு ரெண்டு கையையும் ஆட்டுறேன், தலைய ஆட்டுறேன், எந்திரிச்சு நின்னு நெஞ்சுல தட்டுறேன். தாய்மாமன் பயந்துட்டாரு. 'அம்மா என்ன சொல்றாங்க?'ன்னு அவுகளக் கேட்டாரு.

அவுக என்னையப் பாத்தாக. நான் ஆட்டுற கையப் பாத்தாக. 'அவளும் அதேதான் சொல்றா'ன்னாக!

சிரிக்காதம்மா. எனக்கு அன்னைக்குச் சிரிப்பு வரலை. கட்டுன புருஷன் கண்ணு முன்னால அப்பட்டமாப் பொய் சொல்றாரு, மறுத்துப் பேச எனக்கு வாய் இல்ல. அவங்க காப்பியக் குடிச்சுட்டுப் போயிட்டாங்க. நான் ரெண்டு நாள் அவுக மூஞ்சியவே பாக்கலை. பேசாம இருந்து காட்டுவோம்னு பாத்தா, ஏற்கெனவே பேசாமத்தான இருக்கேன், கோவமா இருக்கேன்னே யாருக்கும் தெரியலை.

அப்புறம் ஒரு நாள் அவுகளாவே வந்து சொன்னாக. 'அந்தாளு வேலைய விடணும்னு சொன்னப்ப ரஞ்சனி கட்டைவிரலால தட்டு ஓரத்தத் தேச்சுட்டே நின்னா. அவளுக்குள்ள ஏதாவது கெடந்து தவிச்சா அப்படித்தான் தேய்ப்பா. சின்னப் பிள்ளையிலருந்து அப்படித்தான்.' இருபத்தஞ்சு வருஷமா நான் அவளோட பேசிட்டே இருக்கேன், அந்தக் கட்டைவிரல நான் பாத்ததில்லம்மா. நான் மூஞ்சியப் பாத்துப் பேசுற ஆளு. வெரல எல்லாம் யாரு பாக்குறது.

அந்தச் சம்மந்தம் போச்சுன்னு நெனச்சிட்டு இருக்கேன், அடுத்த வாரம் மாரீஸ்வரன் தனியா கடைக்கு வந்து நிக்கான். கையில ஒரு மிக்சி, ஒரு பொட்டலம் சேவு. 'ரிப்பேர் பாக்கணும்'னான். சாத்தூர்ல மிக்சி ரிப்பேர் பாக்க ஆளா இல்ல? நான் உள்ள இருந்து பாக்கேன். அவுக மிக்சியக் கழட்டுனாக. தொடச்சாக. ஓட்டிப் பாத்தாக. கிர்ருனு ஓடுது.

'இதுல ஒரு கோளாறும் இல்லையே தம்பி.'

'தெரியும்ங்க.'

அதோட பேச்சு நின்னு போச்சு. அவன் ஸ்டூல்ல உக்காந்து தரையப் பாக்கான். இவுக மறுபடி மிக்சியக் கழட்டித் தொடச்சு மறுபடி மாட்டுறாக. என்ன விஷயம், எதுக்கு வந்தீங்க, வீட்டுல தெரியுமா, ஒரு கேள்வி கேக்கணும்ல? கேக்கலை! நானா இருந்தா ரெண்டு நிமிஷத்துல அவன் வயித்துல இருக்கிறதையெல்லாம் வெளிய எடுத்திருப்பேன். இல்லைன்னா அவன் சொல்ல வந்ததை நானே சொல்லியிருப்பேன். இவுக பாட்டுக்குத் தொடச்சிட்டு இருக்காக. எனக்கு உள்ள கை காலெல்லாம் பரபரங்குது. ஆத்த மாட்டாம அந்தச் சேவுப் பொட்டலத்தப் பிரிச்சுட்டேன். முக்காவாசி தீந்தப்புறம் அந்தப் பையன் வாயத் தொறந்தான்.

'மாமா, அன்னைக்கு எங்க மாமா சொன்னது, எங்க மாமா சொன்னது. நான் சொல்லலை.'

'நீங்க என்ன சொல்றீங்க தம்பி?'

'அவங்க வேலைக்குப் போகட்டும். சாத்தூர்லருந்து விருதுநகர் இன்னும் பக்கம்தான.'

பக்கம்தான! எனக்கே அது தோணலை பாரு.

'இத உங்க வீட்டுல சொல்லிட்டீங்களா?'

'இனிமேத்தான்.'

'சொல்ல வருமா?'

'தெரியலை மாமா'ன்னான்.

அவுக சட்டைய மாட்டுனாக. 'வாங்க, நானும் வர்றேன்'னு கடைய எங்கிட்ட விட்டுட்டுக் கெளம்பிட்டாக. வாய் பேசாத ரெண்டு பேரும் மிக்சியத் தூக்கிக்கிட்டுச் சாத்தூருக்குப் போறாங்க. எந்த ஸ்டாப்புல எறங்கப் போறாங்களோன்னு எனக்குப் பயம். ஆனா சரியா எறங்கியிருக்காங்க. கண்டக்டர்கிட்டச் சொன்னது அவுகதானாம். அங்க போயி அந்தப் பையன் அவங்கம்மா முன்னால நின்னு ஒரே மூச்சுல சொல்லியிருக்கான். இவுக பக்கத்துல சும்மா நின்னிருக்காக, அவ்வளவுதான். அந்தம்மா, 'இத அன்னைக்கே சொல்லித் தொலைச்சிருந்தா நானும் உங்க மாமன வாய மூடச் சொல்லியிருப்பேன்ல'ன்னு சொல்லியிருக்காங்க. கல்யாணம் நல்லபடியா நடந்துச்சு. ரஞ்சனி இன்னமும் வேலைக்குப் போறா. இப்ப அவ வீட்டுக்குத்தான் போயிட்டு இருக்கோம். போனா பாரேன், மாமனாரும் மருமகனும் கதவோரத்துல உக்காந்துக்கிட்டு அப்படி என்னதான் பேசுவாங்களோ, மணிக்கணக்கா. அந்தத் தாய்மாமன் மட்டும்தான் என் பக்கத்துல வந்து உக்காருவாரு.

இது எல்லாம் ஊருக்குத் தெரிஞ்ச கதை. தெரியாத ஒண்ணு இருக்கு. ஒங்கிட்டச் சொல்றேன், நீ யாருகிட்டப் போயிச் சொல்லப் போற.

மாசம் முடியப் போற சமயம். குளிக்கப் போனேன். வெந்நீர் கொஞ்சம் சூடாயிருச்சு போல, மேல ஊத்துனதும் 'ஆத்தாடி'ன்னேன். கேட்டுச்சு! என் குரலு! தகரச் சத்தம் இல்ல, பழைய குரலு. எனக்குச் சந்தோஷம் தாங்கலை. அவசர அவசரமாச் சேலையச் சுத்திக்கிட்டு, ஏங்கன்னு கூப்பிடத்தான் வெளிய வந்தேன்.

அவுக கூடத்துல உக்காந்து டேபிள் ஃபேனுக்கு எண்ணெய் விட்டுட்டு இருந்தாக. என்னையப் பாத்ததும் பேச ஆரம்பிச்சுட்டாக. எனக்குக் குரல் போனதுலருந்து அது ஒரு பழக்கமா ஆயிருந்துச்சு, எங்கிட்டயும் ஏதாவது சொல்லுவாக. அவுக படிச்ச பள்ளிக்கூடம், மொதமொதல்ல கழட்டிப் பாத்த ரேடியோ, அவுக அப்பா அவுகளச் சைக்கிள்ல வச்சுக் கூட்டிட்டுப் போனது. நான் கேட்டே இராத கதை. எத்தனை வருஷமாக் கூட இருக்கேன், இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியாமப் போச்சுன்னு யோசிச்சேன். சொல்லவே இல்லைல, அதான்.

அன்னைக்கு என்ன சொன்னாகன்னா, 'செம்பகம், அந்தப் பையன் தரையப் பாத்துட்டு உக்காந்திருந்தான்ல, எனக்கு நான் ஒன்னையப் பொண்ணு பாக்க வந்த நாள் ஞாபகம் வந்துச்சு. நானும் அப்படித்தான் உக்காந்திருந்தேன். ஒங்கிட்ட ஒண்ணு கேக்கணும்னு வழியெல்லாம் சொல்லிப் பாத்துட்டே வந்தேன். நீ பேசிட்டே இருந்த. அப்புறம் கேக்கவே முடியலை.'

நான் என்னன்னு கண்ணாலயே கேட்டேன்.

ஃபேன் றெக்கையத் தொடச்சுட்டே, 'என்னையப் பிடிச்சிருக்கா'ன்னாக.

யம்மா. எனக்குக் குரல் இருக்கு அப்ப. தொண்டை நல்லா இருக்கு. வாயத் தொறந்தா வார்த்தை வரும். வரலையே. காது ரெண்டும் சூடாயிருச்சு. காலு கட்டைவிரல் தரையில கோலம் போடுது. நான்! கொடையில தெருவுக்கே நன்றியுரை சொன்னவ. சேலைத் தலைப்பப் பிடிச்சுக்கிட்டு அடுக்களைக்குள்ள ஓடிப் போயிட்டேன். அவுக எண்ணெய் விடுற சத்தம் மட்டும் கேக்குது. நான் உள்ள போயிக் காலி சட்டியக் கிண்டிட்டு நிக்கேன்.

குரல் வந்ததை அன்னைக்குச் சொல்லலை. மறுநாளும் சொல்லலை. ஏன்னு கேக்காத. அவுக ஏதோ சைக்கிள் கதையப் பாதியில விட்டிருந்தாக, அது முடியட்டும்னு இருந்தேன். சொல்லிக் குடுக்குறவங்க குறுக்கப் பேசக் கூடாதுல்ல. டிரெயினிங் கெட்டுப் போகும்.

அதுக்கு அடுத்த நாள் கடையில. டீச்சரம்மா மிக்சிக்குப் புது மூடி வாங்க வந்திருந்தாங்க. அவுக ரெண்டு மூணு கலர எடுத்து மேசையில வச்சு, 'இதுல எது பிடிச்சிருக்குங்க?'ன்னு கேட்டாக.

நான் உள்ள இருந்து, 'பிடிச்சிருக்கு'ன்னேன்.

கடை பூராம் கேட்டுருச்சு. சத்தத்தக் குறைக்க எனக்கு எங்க தெரியுது. டீச்சரம்மா திரும்பிப் பாத்து, 'அக்கா, உங்களுக்குக் குரல் வந்துருச்சா! ஆனா மூடி எனக்குத்தானக்கா'ன்னாங்க.

நான் அவுகளப் பாத்து மறுபடியும் சொன்னேன். 'ரொம்பப் பிடிச்சிருக்கு.'

அவுக கையிலருந்து ஸ்குரூடிரைவர் கீழ விழுந்துருச்சு. எடுக்கிறேன்னு மேசைக்கடியில குனிஞ்சாக. தேடுனாக பாரு, தேடுனாக, டீச்சரம்மா மூடிய வாங்கிட்டுப் போயி ரொம்ப நேரம் வரைக்கும் அவுக எந்திரிக்கவே இல்ல.